பதற்றத்தின் மீது ஒரு வீண்பழி

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையில், பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு விசயத்தில் கருத்து வேற்றுமை இல்லை. ஆபத்து என்று அறிவித்தால் சனம் பதறும். பதறினால் ஒருவரையொருவர் மிதித்துச் சாகும். ஆகவே விசயம் உண்மைதானா என்று நன்றாக விசாரித்துவிட்டு, பக்குவமாக, மெல்லச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் நிருவாகத்தார் இப்படித்தான் சொல்கிறார்கள். பாடசாலை அதிபரும் அப்படியே. அனர்த்தக் கூட்டங்களில் தேநீர் வருவதற்கு முன்பே இது தீர்மானமாகிவிடும். கட்டாருக்குப் போகும் மகனை ஏற்றிவிட இரவோடிரவாக வேன் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்வரும் வாப்பாவைக் கேட்டாலும் இதே பேச்சுத்தான். கேட்பதற்கு எவ்வளவு நிதானம்! இந்த நிதானம்தான் ஆளைக் கொல்கிறது என்கிறேன் நான்.

விமானத்திலிருந்தே தொடங்குவோம். பயணம் போன ஆள் இல்லாத வீடு இந்தக் கரையில் அரிது அல்லவா.

2016 ஓகஸ்ட் 3ஆம் திகதி, திருவனந்தபுரத்திலிருந்து வந்த எமிரேட்ஸ் 521 விமானம் துபாய் ஓடுபாதையில் வயிறு உரசிச் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. உள்ளே 300 பேர். வெளியே தீ, உள்ளே புகை. அந்த நேரத்தில் ஒரு பயணி கைப்பேசியில் எடுத்த காட்சியை உலகமே பார்த்தது. பதறி விழுந்தடித்து ஓடும் கூட்டத்தை அதில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தலைக்கு மேலுள்ள தட்டைத் திறந்து பை தேடுகிற கூட்டம்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குதியுங்கள் என்று பணியாளர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். விமானம் நின்று சுமார் 9 நிமிடங்களில் எரிபொருள் தாங்கி வெடித்தது. பயணிகள் அனைவரும் அதற்குள் இறங்கிவிட்டார்கள் என்பது இறைவன் கிருபை. தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரை விட்டார்.

அந்தப் பயணிகளைப் பலரும் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. வளைகுடாவில் உழைக்கிறவனின் கைப்பைக்குள் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பாஸ்போட், வதிவிட அட்டையான இக்காமா, தங்கச்சி கலியாணத்துக்குச் சேர்த்த நகை. அதை விட்டுவிட்டு இறங்கினால் மறுநாள் அவன் யார் என்று நிரூபிக்கவே வழியில்லை. அவன் பைத்தியக்காரன் இல்லை, கணக்குப் பார்க்கிறான். ஆனால் நேற்றைய வாழ்க்கைக்கு உரிய கணக்கை இன்றைய தீயின் நடுவே நின்று பார்க்கிறான். பதறாததால் வந்த கேடு இது. கொஞ்சம் பதறியிருந்தால் பையை மறந்திருப்பான்.

2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடாவில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடுபாதையில் நின்ற கரையோரக் காவற்படை விமானத்தோடு மோதிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கைஒலிபெருக்கியாலும் வெறும் குரலாலும் வழி சொன்னார்கள். அங்கே யாரும் ஆபத்தை மறைக்கவில்லை, மெல்லச் சொல்லவும் இல்லை. பையைத் தொடாதீர்கள், இந்தக் கதவு வேண்டாம், அந்தக் கதவால் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சனம் கேட்டது.

ஆபத்து மணி அடித்தால் மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் கண்டது நமது ஊகத்துக்கு நேர்மாறு. 1968இல் லத்தானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியே இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுந்து போய் அறிவித்தார்கள். பக்கத்தில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கச் சொல்லி இருவரை உட்கார்த்தியபோது, எழுந்து போனவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, உட்கார்ந்தே இருந்தார்கள். அவன் இருக்கிறான், நானும் இருக்கிறேன்! விமான நிலையத்தில் மணி அடிக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டதும் மறுபடியும் போனுக்குள் குனிந்துவிடுவார். சோதனை மணியாக இருக்கும், வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்று மனம் தானாகவே சமாதானம் சொல்லும்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரச் சுரங்க ரயில் நிலையமொன்றில் பிறூ, சைம் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை இன்னும் தெளிவானது. வெறும் மணியை மட்டும் அடித்தபோது சனம் அசையவே எட்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. என்ன நடக்கிறது, எந்த வழியால் போவது என்று ஒலிபெருக்கியில் விளக்கிச் சொன்னபோது ஆறு நிமிடத்துக்குள் நிலையமே காலி. உண்மையைச் சொன்னவுடன் சனம் சிதறி ஓடவில்லை. ஒழுங்காக நடந்து வெளியேறியது.

இனி அதிகாரத்தில் இருப்பவர்களின் கணக்கைப் பார்ப்போம். 2001 செப்டெம்பர் 11 காலை நியூயோர்க் உலக வர்த்தக நிலையத்தின் முதற் கோபுரத்தில் விமானம் மோதியபின், பக்கத்துத் தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறது, வேலைக்குத் திரும்பலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. சிலர் திரும்பி ஏறினார்கள். 9.03க்கு இரண்டாவது விமானம் அந்தக் கோபுரத்திலேயே மோதியது. அன்று ஒலிபெருக்கி சொன்னது முழுக்க முழுக்க நிதானமான வார்த்தை. மிதித்துச் சாவார்கள் என்ற பயத்துக்கு இன்னொரு பதில்: 1996 ஏப்ரல் 11இல் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் ஒட்டு வேலையின்போது தெறித்த பொறி கூரைக்குள் இருந்த காப்புப் பொருளில் பற்றியது. 17 பேர் இறந்தார்கள். சிலர் லிப்டுக்குள், சிலர் மேல்மாடி ஓய்வறைக்குள். அவர்களைக் கொன்றது புகை. யாருடைய காலும் யாரையும் மிதிக்கவில்லை.

இத்தனை தூரம் போவானேன், நமது கரை இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா விடுமுறை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் உடைந்தபோது நமது கடிகாரங்களில் காலை 6.59. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருந்த கருவி அந்த அதிர்வைப் பதிந்துகொண்டது. சுனாமி அலை மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பள்ளிவாசலின் ஸ்பீக்கரும் எழுப்பப்படவில்லை. எழுப்பச் சொல்ல அன்று இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். கிழக்கை அலை அடித்த செய்தி தெற்கே பெரேலியவுக்கு நேரத்தோடு போகவில்லை. அங்கே முதல் அலைக்குப் பின் நின்ற ரயிலைத் தஞ்சம் என்று நம்பி ஊர்ச்சனமும் ஏறிக்கொண்டது. அடுத்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஓடியவர் எல்லோரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அலை மனிதக் காலைவிட வேகமானது. ஆனால் அந்த நாளின் சாவுகளில் முன்கூட்டியே சொன்னதால் வந்த சாவு ஒன்றைக் காட்டுங்கள், நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

அதற்குப் பின் மூன்று தடவை நமக்கு எச்சரிக்கை வந்தது: 2005 மார்ச் 28 இரவு, 2007 செப்டெம்பர் 12 மாலை, 2012 ஏப்ரல் 11 பிற்பகல். மூன்றிலும் நமது கரையில் அலை அழிவு செய்யவில்லை. உடனே புதிய பாட்டுத் தொடங்கிவிட்டது: பொய்யாய் மணி அடித்து அடித்துச் சனத்தின் நம்பிக்கை போய்விட்டது. எது பொய்? மூன்று தடவையும் பூமி அதிர்ந்தது உண்மை, 8.6, 8.4, 8.6 என்ற அளவில் அதிர்ந்தது. 2012இல் நிலத்தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கின. கடலடி மேலே எழும்பவில்லை. அதனால் பெரிய அலை பிறக்கவில்லை. முதல் சில நிமிடங்களில் அதை எந்த விஞ்ஞானியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத அந்த நிமிடங்களில் எழும்பிப் போவதுதான் புத்தி. அலை வராதது எச்சரிக்கையின் தோல்வி என்றால், வீடு எரியாத வருடமெல்லாம் தீயணைப்புப் படைக்குத் தோல்வி என்று எழுதிவைக்க வேண்டியதுதான்.

எச்சரிக்கை வந்தபோது வீதி அடைபட்டதே என்பார்கள். வீதியைக் குற்றம் சொல்லுங்கள். அக்கரைப்பற்று வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. அதைக் கடந்து மேற்கே போக இருப்பவை சில வழிகள்தான். அப்பால் கரைவாகு வயல். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். அதற்கு வழிசெய்ய வேண்டியவர்கள், சனம் பதறுகிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுகிறார்கள். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருக்க, மதரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அங்கே எந்தப் பதற்றமும் இருக்கவில்லை. போய்விடலாம் என்ற தைரியம்தான் இருந்தது.

மினாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் 1990இல் சுரங்கப் பாதையில் 1,426 பேர், 2015இல் சவுதி அரசின் கணக்கிலேயே 769 பேர் நெரிசலில் இறந்தார்களே, அது பதற்றம்தானே என்பார்கள். ஒரு சதுர மீற்றரில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால் அங்கே யாரும் தன் காலால் நடப்பதில்லை; கூட்டம்தான் ஆளைச் சுமந்துபோகிறது. நெஞ்சு விரிய இடமின்றி, நின்றபடியே மூச்சடைத்துச் சாகிறார்கள். இடத்தைக் கணக்கிடாதவரின் குற்றத்தை இறந்தவரின் மனநிலை மீது ஏற்றுவது அநியாயம். நியூயோர்க் ஜோன் எஃப் கெனடி விமான நிலையத்தில் 2016 ஓகஸ்ட் 14 இரவு துப்பாக்கிச் சூடு என்று வதந்தி பரவிப் பயணிகள் ஓடியது உண்மை. சுடப்பட்ட குண்டு ஒன்றும் இல்லை. ஓடியவர்களுக்கு நம்பத்தகுந்த ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்ல யாரும் இல்லாததால் வதந்தியே அறிவிப்பாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் சனம் அமைதியாக இருக்கும் என்பவர்களுக்கு அந்த இரவே பதில்.

இன்று ஹைதராபாத்திலும் ஜகார்த்தாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள சுனாமி எச்சரிக்கை நிலையங்கள் சில நிமிடங்களில் செய்தி அனுப்புகின்றன. அது வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போய், மாவட்டத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இறங்கி, கிராம சேவகர் வழியாகப் பள்ளிவாசலுக்கு வருகிறது. இந்தப் படிகளில் ஏதாவது ஒன்றில் ஒருவர், கொஞ்சம் பொறுங்கோ, சனம் குழம்பிடும் என்று சொன்னால் போதும், கடல் காத்திருக்காது.

எனவே கடற்கரையோரப் பள்ளிவாசல் நிருவாகத்தாரிடம் கேட்கிறேன். என்ன ஆபத்து, எந்த வீதியால் எங்கே போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒரு வாசகத்தை இந்த வாரமே எழுதி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதை வாசிக்கும் அதிகாரத்தை மோதினாருக்கு இப்போதே கொடுத்துவையுங்கள். அந்த நேரத்தில் தலைவரைத் தேடி அவர் சைக்கிள் மிதிக்கக் கூடாது. பயணம் போகும் தம்பிமார் பாஸ்போட்டை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், பை எரிந்தால் எரியட்டும். மணி கேட்டால் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். எழும்பி நடங்கள், அவர் உங்களைப் பார்த்து எழும்புவார்.