கறைபட்ட கை கேள்வி கேட்கக் கூடாதா?

"1936 ஜூலை 30 அன்று, தான் ஆண்ட புதுச்சேரியில், சவானா மில் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்ற பிரான்சுக்கு, போர்க்குற்றம் பற்றி இலங்கையைக் கேட்க என்ன யோக்கியதை?" என்கிறார் வில்லியனூர் நண்பர். சூடான கேள்விதான், நியாயம்தான் இல்லை. 2014 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில், இலங்கைப் போர் பற்றி விசாரணை கோரிய தீர்மானத்துக்குப் பிரான்சு ஆதரவாக வாக்களித்தது. இந்தியா ஒதுங்கிக்கொண்டது. பழைய பாவத்தைச் சொல்லிப் பிரான்சும் ஒதுங்கியிருந்தால் லாபம் யாருக்கு? அந்தப் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் செத்த தமிழர்களுக்கா? சவானா கணக்கையும் அல்ஜீரியாவில் பிரான்சு செய்த கொலைகளின் கணக்கையும் பாரீசிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அது தனி வழக்கு. அதைக் காட்டிக் கொழும்புக்கு ஜாமீன் வாங்கித் தர உங்களை யார் வக்கீலாக வைத்தது?