கேளாமல் வரும் கடதாசி

கடந்த தைப்பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் மேசை லாச்சிகள் மூன்றையும் இழுத்து விறாந்தையிற் கொட்டினேன். கடன் தரக் காத்திருப்பதாக எழுதும் வங்கிகள், பரீட்சைச் சித்திக்கு உறுதி கூறும் ரியூசன் நிலையங்கள், கைகூப்பிய வேட்பாளர்கள், விலைக்கழிவு நாள் எப்போதோ முடிந்துபோன துணிக்கடைகள். இத்தனை பேரும் எங்களைக் கேளாமலே உள்ளே வந்து ஆண்டுக்கணக்காய்க் குடியிருந்திருக்கிறார்கள். நான் தேடியதோ ஒரு கடிதம். 1978 இல் முதல் நியமனம் பெற்றுப் பதுளையில் ஆசிரியனாய் இருந்தபோது என் தாயார் எழுதியது. அது அங்கே இல்லை. மாரியில் ஒரு நாள் பொறுமையிழந்து, இரண்டு கட்டுக் கடதாசியைப் பிரித்துப் பாராமலே பழைய பேப்பர் வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்தவன் நானேதான்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, அந்தக் கடிதம் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரு துணிப்பையில் தென்மராட்சிவரை வந்தது. போரும் மழையும் விட்டுவைத்ததை நான் நிறையில் விற்றேன்.

எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள், வீடு வெளிக்கும் என்று அறிவுரை கூறுவோர் உளர். நம்மவரிடத்தில் இவ்வுரை எளிதிற் செல்லாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின்வந்த ஆண்டுகளில், ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் தம் காணியைத் தமதென்று நிறுவ முடியாமல் கச்சேரிக்கும் நீதிமன்றுக்கும் அலைந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். "எறியாதை மோனை, ஒருநாளைக்கு உதவும்" என்று என் தாயார் சொல்வதைக் கஞ்சத்தனம் என்று இளமையில் எண்ணியிருந்தேன்.

இதனோடு இன்னொன்றும் உண்டு. எழுத்துள்ள தாளிற் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதிற் சரஸ்வதி இருக்கிறாள் என்பது நம்பிக்கை. தொலைபேசிக் கம்பனியின் விளம்பரத்திலுமா என்று நான் கேட்டால் என் மனைவியார் சிரிப்பதில்லை. கடதாசி அருமையாய்க் கிடைத்த நாளில் அந்த மரியாதைக்குப் பயனும் இருந்தது. பழைய பத்திரிகை கொப்பிக்கு உறையாகும். கடையிற் கச்சான் சரையாகும். கடைசியில் அடுப்பு மூட்டும். இப்போது வரும் மினுக்குத் தாளோ எழுதவும் இடங்கொடாது, சரை சுற்றவும் இணங்காது. நெருப்புக்கூட அதனைத் தயங்கியே தொடுகிறது.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் வினாத்தாள் அச்சிடக் கடதாசியின்றித் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் சாதாரண கடிதத்தின் தபாற் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. உறவினர் கடிதம் அதற்கு முன்பே அருகிவிட்டது. இன்று எங்கள் படலையில் தபாற்காரர் மணியடித்தால், வந்திருப்பது பெரும்பாலும் எங்களை அறியாத ஒருவருடைய அச்சுத்தாள். தாய் எழுதியதற்குரிய மரியாதையை அதற்கும் கொடுத்து இரண்டையும் ஒரே லாச்சியில் வைத்தேனே, அங்கேதான் பிழை தொடங்கியது. விற்ற நாள் அதன் முடிவு மட்டுமே.

பொங்கலின் பின் விறாந்தைத் தூணருகே ஒரு கடகம் வைத்திருக்கிறேன். வந்த தாளை நின்ற நிலையிலேயே பார்த்து வேண்டாததை அதிற் போடுவது, உள்ளே கொண்டுபோவதில்லை. ஒரு பக்கம் வெறுமையானவை பேத்தியின் கணக்குக்கு உதவுகின்றன. பிள்ளையார் படம் அச்சிட்ட திருமண அழைப்பிதழ்களைப் பற்றி எனக்கும் மனைவியாருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அவை தற்போது அலுமாரியின் மேல் இருக்கின்றன. அந்தியேட்டிக் கல்வெட்டுகளை மட்டும் எவரும் கடகத்திற் போடலாகாது என்பேன். அழுகைப் பாட்டென்று அவற்றை நகைப்போர் உண்டு. ஆயினும் ஒரு குடும்பத்தின் வழிமுறையும் ஊரின் செய்தியும் பல வேளைகளில் அவற்றிலன்றி வேறெங்கும் அச்சேறியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இத்தகைய நினைவு மலர்களையும் படியெடுத்துச் சேர்த்திருக்கிறது. வைக்க இடமில்லாதவர் அங்கே கொடுத்துதவலாம்.

தாயாரின் கடிதத்தில் என்ன இருந்தது என்று பேத்தி கேட்டாள். கிணற்றடி எலுமிச்சை காய்த்ததாக ஒரு வரி இருந்தது. பதுளைக் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும்படி ஒரு வரி. மிகுதியை நினைவுக்குக் கொண்டுவர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.