பக்கத்தில் இருந்தால் பங்கு வந்துவிடுமா?

ஐ.டி. பூங்கா வந்தால் ஏரியா தானாக முன்னேறிவிடும், அக்கம்பக்கத்து ஏழைகளுக்கும் வேலை கிடைத்துவிடும் என்று மேடையிலும் டீக்கடையிலும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். இது பொய் என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை போதும்.

தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், கொஞ்சம் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில், ஆற்றங்கரைகளிலிருந்தும் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கியது. மொத்தம் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கால் நூற்றாண்டாகக் கண்ணாடிக் கட்டடங்களும் வாரிய வீடுகளும் ஒரே சாலையை ஒட்டி நிற்கின்றன.

அந்த மக்களுக்குக் கிடைத்தது என்ன? ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன். அதுவும் பெரும்பாலும் காண்ட்ராக்டர் மூலம். எந்த உழைப்பும் இழிவல்ல. ஆனால் அம்மா தரை துடைக்கும் அலுவலகத்தில் மகளுக்கு ஒரு நாற்காலி கிடைக்க எந்த வழியும் வகுக்கப்படவில்லை என்பதுதான் கொடுமை. நகரத்தின் நடுவே நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்கள், தூரத்தாலும் பஸ் செலவாலும் இருந்த வேலையையும் இழந்தார்கள். முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தாலே வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் பத்திரிகைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 2020இல் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அழகானவை, ஊரின் பெயருக்குக் கொஞ்சம் மரியாதையும் தேடித்தந்தவை. சம்பளத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஓவியம் மாற்றாது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படும் கருத்துக்கேட்புக் கூட்டத்தையும் நான் நம்பவில்லை. வரைபடம் முடிந்து, டெண்டரும் விட்ட பிறகு மைக்கை நீட்டினால் அது கேட்பதாகாது, அறிவிப்பது.

பார்சிலோனாவைப் பாருங்கள். போப்ளெனோ என்ற பழைய ஆலைப் பகுதியைப் புத்தாக்க வட்டாரமாக்கும் திட்டத்துக்கு அந்நகரமும் 2000இல்தான் ஒப்புதல் தந்தது. நிலத்தை மறுகட்டுமானம் செய்வோர் அதில் ஒரு பகுதியைப் பொதுப் பயன்பாட்டுக்கும் வீட்டுவசதிக்கும் விட்டுத்தர வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்திலேயே இருந்தது. அப்படியும் வாடகை ஏறியது, பழைய பட்டறைகள் போயின, குடியிருப்போர் போராடினார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசிய பின், வீடுகளுக்குக் கூடுதல் இடம் தரும்படி 2022இல் திட்டமே திருத்தப்பட்டது. மக்கள் பேச்சு அங்கே நில விதியை மாற்றியது. நம் கூட்டங்கள் எந்த விதியை மாற்றின?

அடுத்த பூங்காவுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணையிலேயே எழுதுங்கள்: சுற்றுவட்டாரக் குடியிருப்புகளுக்கு நேரடி வேலையில் எத்தனை பங்கு, யார் செலவில் பயிற்சி, எந்த நேரத்துக்கு எந்தப் பஸ், மீறினால் என்ன தண்டம். அதைக் கண்காணிக்கும் குழுவில் கண்ணகி நகர்ப் பெண்கள் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். இவை இல்லாமல் அரசு நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்க அனுமதி தரக்கூடாது.