சான்றிதழ் இல்லாத வேட்டை நாய்க்கும் நம்ம திடலில் இடம் வேண்டும்

கும்பாபிஷேக நிதிக்காக நாங்கள் தொண்டர்கள் சேர்ந்து நடத்தும் குடும்ப விளையாட்டுச் சந்தை பற்றிய பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வருஷம் சடுகுடு, உறியடி, வழுக்கு மரம், தேங்காய் துருவுறது எல்லாத்தோடும் புதுசா ஒரு நாய்ப் போட்டியும் வைத்தோம். இளைஞர் பிரிவுப் பிள்ளைகளின் யோசனை. நல்ல கூட்டம், நல்ல வசூல். ஆனால் பதிவுக்கு ஒரு விதி போட்டோம்: வம்சச் சான்றிதழ் உள்ள நாய்க்கு மட்டும்தான் அனுமதி. போட்டது வேற யாரும் இல்லை, நாங்களேதான். பெரிய கண்காட்சி மாதிரி இருக்கட்டுமே என்ற ஆசை.

செலாமா பக்கத்துப் பழைய தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர், மகனின் லோரியில் தன் நாயை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. காட்டுப்பன்றி கிழித்ததாம். பதிவு மேசையில் எங்கள் பையன் சான்றிதழ் கேட்டான். "இதோட அப்பன் யாரு, பாட்டன் யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. பேப்பர்ல எழுதி வெக்கல, அவ்வளவுதான்" என்றார். சண்டை போடவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு திடல் ஓரமாகப் போய்விட்டார்.

அங்கேதான் அது நடந்தது. லாலான் புல் மண்டிய ஓரத்தில் அந்த நாய் சட்டென்று நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே, வால் நேராக, மூக்கு புல்லை நோக்கி. குரைக்கவில்லை, பாயவில்லை. பெரியவர் மெல்ல நடந்து பக்கத்தில் போகும்வரை சிலை மாதிரி நின்றது. அவர் காலால் புல்லை விலக்கியதும் உள்ளேயிருந்து ஒரு கானாங்கோழி எழும்பி ஓடியது. பார்த்தது எங்களில் மூன்று பேர். அதே நேரம் மேடையில் ரிப்பன் கட்டிய ஷிட்சூ ஒன்று முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது. (அந்தக் குட்டி மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ரொம்ப அழகு.)

இரை இருக்கும் இடத்தை மோப்பத்தால் கண்டு, அசையாமல் நின்று, எஜமானுக்குக் காட்டிக்கொடுப்பதை வேலையாகக் கொண்ட நாய்களை உலகம் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சுட்டும் நாய்கள். பாயிண்டர், செட்டர், வெய்மரானர், விஸ்லா எல்லாம் இதில் சேரும். நம் நாட்டு நாய்க் கண்காட்சிகள் பின்பற்றும் எப்சிஐ பட்டியலில் 7-ஆம் பிரிவு முழுக்க இவைதான். ஒரு வேடிக்கை தெரியுமா? நாய்க் கண்காட்சி என்று உலகில் முதலில் நடந்ததாகச் சொல்வது 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில். அதில் கலந்துகொண்டவை பாயிண்டரும் செட்டரும் மட்டுமே. பரிசு, துப்பாக்கி! 1865-இல் சவுத்ஹில் என்ற ஊரில் நடந்த முதல் களச் சோதனையும் இவற்றுக்குத்தான்.

அப்படி ஆரம்பித்து வைத்த இனங்களுக்கே பிறகு அந்த நாட்டுக் கிராமியச் சந்தைகளில் இடம் குறைந்தது. பல சந்தைகளின் போட்டித் திடலில் ரிட்ரீவரும் ஸ்பானியலும்தான் ஓடின. காரணம் எளிது. பொம்மையைத் தூக்கி எறிந்தால் ரிட்ரீவர் ஓடிப்போய் எடுத்து வரும். கூட்டத்துக்கு உடனே புரியும், கை தட்டும். சுட்டும் நாயின் வேலை அப்படி இல்லை. அது பரந்த நிலத்தில் வலமும் இடமும் ஓடி, காற்றை முகர்ந்து, கடைசியில் செய்வது சும்மா நிற்பது. சும்மா நிற்பதற்கு யார் கை தட்டுவார்? இவற்றையும் சேர்க்கலாமா என்று அங்கே பேச்சு எழுந்து, தனி வகுப்பு வைக்கும் சந்தைகள் இப்போது உண்டு.

வெள்ளைக்காரன் சந்தை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் கதையும் அதேதான். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெருமையாகச் சொல்கிறோம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென வெளியிட்ட தபால் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் வானொலியில் இந்த இனங்களை எல்லாம் பேர் சொல்லிப் பாராட்டினார். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் எதற்கு உருவானவை? கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்க. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை முடிந்தது. முடிந்தது நல்லதுதான். வேலை போன நாய்க்கு மிஞ்சியது மேடை அழகு மட்டும். நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இராஜபாளையமே சாட்சி: பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, கூடவே பிறவியிலேயே காது கேளாத குட்டிகள்.

ஜல்லிக்கட்டு நேரத்தில் நாம் என்ன சொன்னோம்? 2014-இல் தடை வந்து, 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தபோது, தைப்பிங்கில் இருந்துகொண்டு நாமும் கைப்பேசியில் படம் மாற்றினோம். களம் இல்லாவிட்டால் காளை இனம் அழியும் என்று வாதாடினோம். மாட்டுக்குப் பேசிய அந்த வாய், நாய்க்கு மட்டும் "பேப்பர் இருக்கா?" என்று கேட்கிறதே.

நம் மண்ணிலும் ஒரு பாடம் இருக்கிறது. தெலோம் ஆற்றுப் பக்கம் ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்க்குத் தெலோமியன் என்று பேர். உயரத் தூண்கள் மேல் கட்டிய வீட்டுக்கு ஏணி ஏறும் நாய். 1963-இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் அங்கே கொண்டுபோனார். மலேசியாவின் நாய் இனம் என்று வெளியுலகம் அறிந்தது அப்படித்தான். நம்மில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

இப்போது கோயில் காரியத்துக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வாட்ஸ்அப்பில் கேட்டீர்கள். தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவர் வாகனம் என்னங்க? தோட்டத்துக் கருப்பர் சன்னிதியில் பக்கத்தில் நிற்பது யார்? கண்ணப்ப நாயனார் வேட்டைக்குப் போனது நாய்களோடுதான். அதற்காக கோயில் வளாகத்துக்குள் நாயைக் கொண்டுவரச் சொல்லவில்லை. போட்டி நடப்பது தோட்டத்துத் திடலில், கோயிலிலிருந்து தள்ளி. அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். நாய்கள் வரும் வழியும் உணவுக் கடைகள் இருக்கும் பக்கமும் வேறு வேறாக இருக்கும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

வேட்டையை வளர்க்கிறீர்களா என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கு 2010 வனவிலங்குச் சட்டப்படி பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். அது நம் வேலை இல்லை. திடலில் உயிருள்ள ஒரு பிராணியும் இருக்காது. மீன் தூண்டில் கம்பின் நுனியில் இறகு கட்டி ஆட்டினால் சுட்டும் குணமுள்ள நாய் தானாக நிற்கும். குட்டிகளைப் பழக்குவதே அப்படித்தான். எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது, கூப்பிட்டால் வருகிறதா என்று பார்ப்போம். ஓடும் ரகத்துக்குக் கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் பையை இழுத்துவிடுவோம். முகரும் ரகத்துக்கு எஜமானின் பழைய சட்டையை ஒளித்து வைப்போம். அழகுப் போட்டியும் இருக்கட்டும், ஷிட்சூக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

நேற்றுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒப்புக்கொண்டவர்கள் பாதிப் பேர்தான். பரிசுக்குக் காசு தரும் ஒருவர், "தெரு நாய்ப் போட்டிக்கு என் பேரைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் காசு போனால் போகட்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிவிட்டு கும்பாபிஷேகத்துக்குச் சேர்த்த பணம் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

வேட்டை நாய், தோட்டத்து நாய் வளர்ப்பவர்கள் வரலாம். நகராண்மைக் கழக லைசென்ஸ், தடுப்பூசி அட்டை, நல்ல கழுத்துப் பட்டை, கயிறு இவை போதும். சான்றிதழ் கேட்க மாட்டோம். காலை 8 மணிக்கே ஆரம்பித்துவிடுவோம், தைப்பிங் மழை மத்தியானத்துக்கு மேல் யாரையும் விடாது என்று உங்களுக்கே தெரியும். நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி கொண்டு வாங்க.

செலாமா பெரியவரின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நாங்கள் நாலு பேர் அந்தத் தோட்டத்துக்குப் போய் அவரைத் தேடப் போகிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் கோயில் வாசலில் நில்லுங்க. வேனில் இன்னும் மூணு இடம் இருக்கு.