சங்கம் யாருடையது?

"சங்கமா? அது ஆம்பளைங்க சமாச்சாரம் பாப்பா." சோரியாங்குப்பத்தில் நடவு முடித்துக் கரையேறிய அத்தை ஒருவர் என்னிடம் சொன்னது இது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். அந்த நெல்லை நட்டவர்களுக்குச் சங்கத்தில் என்ன இடம்?

1936 ஜூலை 30இல் சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டம்தான் நமக்கு 8 மணி நேர வேலையைப் பெற்றுத் தந்தது. ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். ஆனால் மில் வாசலைத் தாண்டி, சேரிப் பெண்கள் குனிந்து நிற்கும் வயலுக்கு அந்தக் கொடி எவ்வளவு தூரம் வந்தது?

கொடி வராத இடத்தில் பெண்கள் தாங்களே எழுந்திருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. பெரும்பாலும் தமிழ் தலித் பெண்களான தொழிலாளர்கள், ஆண் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டார்கள். 20 விழுக்காட்டை மீட்டார்கள்.

திண்டுக்கல்லில் 2021இல் தலித் பெண் தொழிலாளி ஒருவர் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையேற்ற சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. பாலினக் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் அது பெயர் சொல்லித் தடுத்தது. ஆண்கள் மட்டும் அமர்ந்த மேசையில் இப்படியொரு வரி எழுதப்பட்டிருக்குமா?

தோழர்களே, மாநாட்டுக்குக் கூட்டம் சேர்க்கப் பெண்கள் வேண்டும், நிர்வாகக் குழுவுக்கு வேண்டாம் என்பதும் ஒரு தீண்டாமைதான். அடுப்பு எரியும் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று குறைசொல்லாதீர்கள். கூட்டத்தை வரப்புக்குக் கொண்டுவாருங்கள். தலைமை நாற்காலியில் அந்த அத்தை உட்காரட்டும்.