தாளைப் பார்க்கிறார்கள், மாட்டைப் பார்ப்பவர் யார்?

வன்னி மண்ணின் செல்வம் நெல்லும் மாடுமே. 2009இல் போர் ஓய்ந்தபின் பட்டிகளை இழந்து வெறுங்கையுடன் மீண்ட மக்கள், ஒன்றிரண்டு பசுக்களைக்கொண்டே மறுபடியும் வாழ்வைத் தொடங்கினர். அச்செல்வத்துக்குக் காவலாக நிற்க வேண்டியது, மாவட்டம் விட்டு மாவட்டம் மாடு கொண்டு செல்வோர் பெறும் சுகாதாரச் சான்று. அது காவல் காக்கிறதா? இதுவே நமது வினா.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகங்கள் சட்டம் உண்டு. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டமும் உண்டு. குறி, உரிமைச் சீட்டு, மிருக வைத்தியரின் சான்று, போக்குவரத்து அனுமதி யாவும் ஏட்டில் உள. ஆனால் கண்டி வீதியில் லொறியை மறிப்போர் தாளிலுள்ள தொகையையும் லொறியிலுள்ள தலைகளையும் எண்ணுகின்றனர். கணக்குச் சரியாயின் வண்டி போகலாம்! ஓமந்தையில் மனிதரை இறக்கி மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துச் சோதித்த நாடு இது. அந்த உன்னிப்பில் நூற்றிலொரு பங்கையேனும் மாட்டின் வாயையும் குளம்பையும் பார்ப்பதிற் காட்டலாகாதா?

முத்திரையைக் கண்டு நோய் அஞ்சுவதில்லை. கால்வாய் நோய் உடலிற் புகுந்தபின் 2 முதல் 14 நாட்கள் வரை வெளித் தெரியாதிருக்கும். மாடுகளின் பெரியம்மையோ அதனினும் நீண்ட நாள் மறைந்திருக்க வல்லது. கடிக்கும் ஈயும் நுளம்பும் அதைப் பரப்பும். 2020இல் அந்நோய் இலங்கையில் முதன்முதலாக வெளிப்பட்டது நமது வடமாகாணத்திலேதான். லொறி ஏறும் வேளையிற் கண்ட ஒரு பார்வை போதுமென்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

1987இல் இந்தியப் படையின் உணவுக்கென வந்த ஆடுகளோடு வெக்கை நோயும் இத்தீவிற் புகுந்தது. நெடுங்காலம் அந்நோயறியாதிருந்த நாட்டில் மாடும் எருமையும் மடிந்தன. நோய் பாராது இறக்கிய கால்நடையின் விலை அது! 2022 டிசெம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டபோது, மாடும் இறைச்சியும் வெளியேறுவதை அரசாங்கம் தடுத்தது. செத்தபின் வழியடைக்கத் தெரிந்தவர்களுக்குச் சாகுமுன் சோதிக்கத் தெரியாதா?

அமெரிக்காவில் ஒரு குதிரை மாநில எல்லையைக் கடப்பதற்கு மிருக வைத்தியர் அதனை நேரிற் பார்த்துச் சான்று தரவேண்டும். தொற்றுச் சோகைக்கான இரத்தப் பரிசோதனையும் பொதுவாக வேண்டும். பந்தயக் குதிரைக்குள்ள மதிப்பு, ஒரு குடும்பத்தின் அடுப்பெரிக்கும் பசுவுக்கு இல்லையா?

நாம் கேட்பது பெரிதன்று. சான்று மேசையில் எழுதப்படாமல் பட்டியடியில் எழுதப்படட்டும். தடுப்பூசி விபரம் அதிற் பதியப்படட்டும். வந்திறங்கும் மாடு சில வாரம் தனியே கட்டப்படட்டும். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள ஏழை, ஒரு கையொப்பத்துக்காகக் கூலிநாளை இழந்து அலையாதபடி, குறித்த நாளில் அதிகாரி ஊருக்கே வரட்டும். நேர்மையானவனுக்குச் சான்று எளிதாகவும், களவு மாடு ஏற்றுபவனுக்கு வீதி அரிதாகவும் இருக்கட்டும்.

பட்டி அழிந்தபின் நட்டஈட்டுப் படிவம் நீட்டுவது ஆட்சியன்று. அழியாமற் காப்பதே ஆட்சி!