ஒத்தை ஆள் ஆர்கெஸ்ட்ரா!

'கிடார் இருக்கு, கீபோர்டு இருக்கு... கூட வாசிக்கத்தான் ஆள் செட் ஆகலை' என்று கேன்டீனில் புலம்புகிற பார்ட்டியா நீங்கள்? டிரம்மருக்கு அரியர் எக்ஸாம், பேஸ் கிடார் பையனுக்குப் புதுக் காதல். பேண்ட் எப்பவுமே 'அடுத்த செமஸ்டர்'தான் ஆரம்பிக்கப் போகிறது. விடுங்க பாஸ்! ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் ஒரே ஆள் வாசித்து ஹிட் அடித்த கதை ஒண்ணு இருக்கு. அப்போ அந்த ஆளுக்கு வயசு 19. அதாவது, நம்ம செகண்ட் இயர்!

பேர் மைக் ஓல்ட்ஃபீல்ட். இங்கிலாந்துக்காரர். 15 வயசிலேயே ஸ்கூலுக்கு டாட்டா. அப்புறம் கெவின் ஏயர்ஸ் என்ற பாடகரின் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். அந்த ஏயர்ஸ்தான் இவருக்கு ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் கொடுத்தார். அதில் ஒரு சிக்கல். டேப் ஓடும்போது முதலில் ஒரு ஹெட் பழசை அழிக்கும், அடுத்த ஹெட் புதுசைப் பதியும். ரெண்டாவது வாத்தியம் வாசித்தால் முதல் வாத்தியம் காலி!

நம்மாளு என்ன செய்தார் தெரியுமா? அழிக்கிற ஹெட்டை ஒரு அட்டைத் துண்டால் மறைத்துவிட்டார். சிம்பிள்! பழசு அழியாமல், அதன் மேலேயே அடுத்த வாத்தியம், அதன் மேல் இன்னொன்று. லண்டன் டாட்டன்ஹாமில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் உட்கார்ந்து இப்படித்தான் டெமோ தயாரானது. ஆனால், ஒரு லேயர் சொதப்பினால் கீழே இருக்கிறதும் சேர்ந்து போச்சு. 'அன்டூ' பட்டன் எல்லாம் கிடையாது மக்களே.

டெமோவைத் தூக்கிக்கொண்டு பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் படியேறினார். எல்லாரும் கையை விரித்தார்கள். பாட்டே இல்லாமல் அவ்வளவு நீள இசையை யார் வாங்குவார்கள் என்ற பயம். கடைசியில், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த 'மேனர்' ஸ்டூடியோவின் சவுண்டு இன்ஜினீயர்கள் டாம் நியூமன், சைமன் ஹேவொர்த் ரெண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஸ்டூடியோ ஓனர் ரிச்சர்ட் பிரான்சன் 1972 நவம்பரில் ஒரு வாரம் டைம் கொடுத்தார். ஒரே வாரம்! அந்த வாரத்தில் 25 நிமிஷத்துக்கு மேல் ஓடும் முதல் பாகத்தைப் பதிவு செய்து முடித்தார் ஓல்ட்ஃபீல்ட். ரெண்டாம் பாகம், ஸ்டூடியோ காலியாக இருந்த நேரங்களில் துண்டு துண்டாக வளர்ந்தது.

'டியூபுலர் பெல்ஸ்' என்ற அந்த ஆல்பம் 1973 மே 25 அன்று வெளியானது. பிரான்சனின் வர்ஜின் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பமே அதுதான். அந்த வருஷ டிசம்பரில் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்தில் அதன் ஆரம்ப இசை ஒலிக்க, உலகமே திரும்பிப் பார்த்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் ஓல்ட்ஃபீல்டே மேடையேறி அதை வாசித்தார்.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் ஆடாசிட்டி ஃப்ரீ. போனில் பேண்ட்லேப் ஃப்ரீ. மேனரில் இருந்தது 16 டிராக் மெஷின். உங்களுக்கோ எத்தனை டிராக் வேண்டுமானாலும் போடலாம். ஆனாலும், ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் 'ஐடியா1', 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று அரைகுறை ஃபைல்கள்தானே வரிசைகட்டுது? ஏன்?

தனியாக வேலை செய்யும்போது 'போதும்டா, நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல ஆளில்லை. 'இது தேறாது, தூக்கு' என்று சொல்லவும் ஆளில்லை. வாசிப்பதும் நாமே, பதிவதும் நாமே, மார்க் போடுவதும் நாமே. அதனால் பரீட்சை முடிவதே இல்லை! ஓல்ட்ஃபீல்டுக்கு ரெண்டு விஷயம் கிடைத்தது. ஒண்ணு, ஒரு வாரக் கெடு. ரெண்டு, நியூமன் - ஹேவொர்த்தின் காதுகள். ஆல்பத்தில் தயாரிப்பாளர்களாக இவர் பெயரோடு அவர்கள் பெயரும் இருக்கிறது. தனியாக வாசித்தார், தனியாகக் கேட்கவில்லை.

நீங்களும் அந்த ரெண்டையும் ஏற்பாடு பண்ணிக்கலாம். முதலில் எட்டு டிராக்தான் என்று முடிவு பண்ணுங்க. ஒன்பதாவது வாத்தியம் வேணும்னா, பழசில் ஒண்ணு வெளியே போகணும். மெட்ரனோம் போட்டு, அதன் மேல் முதல் லேயரை வாசியுங்க. அது ஆடினால் மேலே வருவதெல்லாம் ஆடும். ஒவ்வொரு லேயருக்கும் முன்னால் கிடாரை ட்யூன் செக் பண்ணுங்க. ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். சத்தம் லேட்டாக வரும், தாளம் தப்பும். ஒயர் வைத்த ஹெட்போன்தான் பெஸ்ட். மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. உடைந்த சத்தத்தை அப்புறம் ஒட்டவைக்க முடியாது. ரூம் எதிரொலித்தால் மைக்கைச் சுற்றிக் கம்பளியைக் கட்டித் தொங்க விடுங்க. ஹாஸ்டல் ஃபேனை மறக்காமல் ஆஃப் பண்ணுங்க... வியர்த்தாலும் பரவாயில்லை!

மிக்ஸிங் முடிந்ததும் ஒரு நாள் அந்தப் பக்கமே போகாதீங்க. மறுநாள் மொபைல் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஹெட்போனில் ஒருமுறை கேளுங்க. அப்போ காதில் உறுத்தும் மூணு விஷயத்தை மட்டும் சரி பண்ணுங்க. நாலாவதை அடுத்த டிராக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு ராத்திரி 10 மணி... இதுதான் உங்கள் கெடு. மூணு நிமிஷ டிராக் போதும். முடித்ததும் ரூம்மேட் காதில் ஹெட்போனை மாட்டுங்க. 'இங்கே வயலின் வரும்டா, இது சும்மா ரஃப்தான்டா' என்று விளக்கம் மட்டும் கொடுக்காதீங்க. எந்த இடத்தில் தலையாட்டுகிறான், எந்த இடத்தில் வாட்ச்சைப் பார்க்கிறான் என்று கவனியுங்க. அடுத்த டிராக்கை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்!